கை நனைக்கும் முன்

தண்ணீர் கணக்கில் வராது. தண்ணீர் குடிக்கலாம். சம்பந்தம் பேசப் போன இடத்தில் தண்ணீர் குடித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், காப்பி குடித்தால்கூடப் பரவாயில்லை, ஆனால் சாப்பாடென்று ஒரு வாய் வைத்துவிட்டால் கை நனைத்தாயிற்று, எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் வேண்டாமென்றால் சொன்னவர்களுக்குத்தான் கேவலம். எங்கள் பக்கத்தில் பேசி முடிக்காமல் கை நனைக்கிற வழக்கமே கிடையாது. எதிரில் மகன் நிரஞ்சனோடு உட்கார்ந்திருக்கிற இந்த வத்சலாவுக்கு அது தெரியாதா? அவளும் அவிநாசிப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள்தானே, கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் பங்களா கட்டிக்கொண்டு வந்துவிட்டால் பிறந்த ஊர் மறந்துவிடுமா? வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டிருந்தால் ஒரு காப்பியோடு முடிந்திருக்கும். காலத்துக்குத் தகுந்த மாதிரி வெளியில் சந்திக்கலாம் அக்கா, எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது, ஐரோப்பியச் சாப்பாடு, ரொம்பக் கலகலப்பாக இருக்கும் என்று போனில் சொன்னாள். கலகலப்பு! காது கிழிகிறது. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் திறந்த அடுப்பங்கரையில் சட்டி உருட்டுகிற சத்தம், பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்த நாள். ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சைக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. விளக்கையும் குறைத்து வைத்திருக்கிறார்கள், எதிராளியின் முகத்தைப் பார்த்து மனசைத் தெரிந்துகொள்ளலாமென்றால் அதற்கும் வழியில்லை. சுவரில் ஒரு கரும்பலகை. இந்தப் பருவத்தில் விளைந்ததை மட்டுமே இந்தப் பருவத்தில் சமைக்கிறோம் என்று எழுதியிருக்கிறதாம், என் மகள் தாரணி படித்துச் சொன்னாள். அடேயப்பா. அன்னூர்ச் சந்தையில் நாங்கள் மட்டும் போன பருவத்துக் காயையா வாங்கிக்கொண்டிருக்கிறோம்?

வந்துவிட்டது. நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கறுப்பு ஏப்ரன் கட்டிய பரிமாறுகிற பெண் ஒருத்தி அகலமான கிண்ணங்களில் மஞ்சளாக எதையோ கொண்டுவந்து வைத்துவிட்டாள். நடுவில் ஒரு தட்டில் கருகலாக ரொட்டி, பக்கத்தில் ஒரு உருண்டை வெண்ணெய். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னாள். அவள் சொல்லி முடித்ததும் வத்சலா எனக்காக அதை மறுபடி சொன்னாள், ஏதோ எனக்குக் காது இல்லாத மாதிரி. "பரங்கிக்காய் சூப்புங்க்கா. அடுப்புல சுட்டு, க்ரீம் விட்டு அரைச்சது. இங்க இதுதான் ஸ்பெஷல்." பரங்கிக்காய். பல் முளைக்காத குழந்தைக்கு மசித்துக் கொடுப்பதை இவ்வளவு பெரிய கிண்ணத்தில் இவ்வளவு கொஞ்சமாக ஊற்றி வைத்திருக்கிறார்கள். "சாப்பிடுங்க்கா" என்றாள். "நீங்க சாப்பிடுங்க" என்றேன். "அட, நீங்க மொதல்ல." "பரவால்லைங்க, நீங்க ஆரம்பிங்க." அப்போதுதான் பார்த்தேன். அவள் கரண்டியை எடுத்தாள், சூப்பில் விட்டாள், ஒரு சுற்று சுற்றினாள், திரும்ப வைத்துவிட்டாள். அடிப்பாவி! இவளும் கை நனைக்கமாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருக்கிறாள். கத்தரித்த முடி, கையில்லாத ஜாக்கெட், பேச்சுக்குப் பேச்சு காலம் மாறிப்போச்சு, உள்ளுக்குள் அதே அவிநாசி. அப்படியென்றால் இவளிடம் இன்னும் ஏதோ பாக்கியிருக்கிறது. பேச வேண்டியது ஏதோ இருக்கிறது, அதைப் பேசி எங்களைத் தலையாட்ட வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். இவர் என் பக்கத்தில் நெளிந்தார். இவருக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டுவிட்டு வந்திருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். ரொட்டித் தட்டை நோக்கி இவர் கை போனது. மேசைக்கடியில் காலை மிதித்தேன். "முள்ளுக் கரண்டியில குத்தித் திங்கறதுக்கு கை எங்க நனையுது?" என்று என் காதில் கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனுசன் கேட்கிற கேள்வியா இது? வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர். கைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து மேசைக்கடியிலேயே கொடுத்தேன், அதை வாயில் போட்டுக்கொண்டு, கொறிப்பது தெரியாமலிருக்க உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, வத்சலா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார். அடுத்தது வந்தது. பீட்ரூட்டை வட்ட வட்டமாக நறுக்கி மேலே ஆட்டுப்பால் சீஸ் உதிர்த்திருந்தது. அதற்கடுத்தது ஒரு முட்டைக்கோஸில் கால் பங்கு, நெருப்பில் காட்டித் தோலெல்லாம் கரிந்து, நறுக்காமல் அப்படியே. எங்கள் வீட்டில் இப்படிக் கரித்து வைத்தால் இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், இங்கே அதையே பார்த்து எச்சில் விழுங்குகிறார். எல்லாவற்றையும் நடுவில் வைக்கிறார்கள், ஆளாளுக்குப் பிய்த்துக்கொள்ள வேண்டுமாம், எவர் எச்சில் எவருக்கு என்ற கேள்வியே கிடையாதாம். வைத்தது வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தரம் நேராக என்னிடமே கேட்டாள். "பிடிக்கலைங்களா மேடம்? வேற ஏதாச்சும் மாத்தித் தரட்டுங்களா?" அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உன் சமையலில் ஒரு குற்றமும் இல்லை கண்ணு, ஒரு வார்த்தை பாக்கியிருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? "இருக்கட்டும்மா, ஆறட்டும்" என்றேன். ஏற்கெனவே ஆறிப்போனதைப் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

தாரணி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் சொன்னேன் அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லி. சாயங்காலம் நானே அவள் நகத்துக்கு நெயில் பாலீஷ் பூசிவிட்டேன், வெளிர் ரோஸ். ஒட்ட வெட்டிய நகம், பூச இடமே இல்லை, "எதுக்கும்மா இதெல்லாம், நிரஞ்சனுக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள். மாட்டு வைத்தியத்தைப் பற்றி நீயாக ஒன்றும் ஆரம்பிக்காதே என்றும் சொல்லி வைத்தேன். நான் சொல்லலாம். நான் பெற்றவள். வேலையிலிருந்து வந்தால் கொல்லைப்புறமாகத்தான் வரவேண்டும், டெட்டால் விட்டுக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைக்க வேண்டும் என்று நான் சட்டம் போடலாம், அது எங்கள் வீட்டு விஷயம். வெளியிலிருந்து ஒருத்தர் சொல்லட்டும் பார்க்கலாம். சொல்லாமலா இருந்தார்கள்? ஈரோட்டுக்காரர்கள், பெண் டாக்டர் என்றதும் வாயெல்லாம் பல்லாக வந்தவர்கள், கால்நடை மருந்தகம் என்றதும் ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் சிரித்தே விட்டார்கள். ஒவ்வொரு தரமும் தாரணி, விடும்மா என்று சொல்லிவிட்டு ரப்பர் பூட்சைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விடுவாள். நான் கலங்கிப்போய் உட்கார்ந்திருப்பேன். வயது ஏறுகிறது, என் நாத்தனார் வாரத்துக்கொரு முறை போன் போட்டு, இன்னும் ஒன்றும் அமையலையா என்று கேட்கிறாள், கேட்கிற குரலில் அவ்வளவு அக்கறை. இந்த நிரஞ்சன் மட்டும்தான் வேறு மாதிரி என்று நினைத்தோம். நான் என்ன, அவளே நினைத்தாள். அவளைப் பார்க்க மருந்தகத்துக்கே வந்தானாம் ஒரு சாயங்காலம். அந்நேரம் பார்த்து ஒரு தோட்டத்திலிருந்து போன், பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று. இவன் தன் காரிலேயே கூட்டிப்போயிருக்கிறான். தொழுவத்தில் கரண்ட் இல்லை. இவன்தான் டார்ச் பிடித்திருக்கிறான். கன்றுக்கு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கிடந்ததாம், தாரணி தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவி அந்தக் காலை நிமிர்த்தி வெளியே எடுத்திருக்கிறாள். கன்று மூச்சுவிட்டபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். அவன் சட்டையெல்லாம் நனைந்து போயிருந்ததாம், அதோடேயே நின்றுகொண்டு, இந்த மாதிரி ஒன்றை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றானாம். அன்றைக்குக் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். என் மகள் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ நாளாகப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தச் சத்தத்துக்கும் இந்த இருட்டுக்கும் நடுவே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், இல்லாவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவளா நான்? அந்த நிரஞ்சன் இப்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வந்ததிலிருந்து என்னை அத்தை அத்தை என்கிறான், அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கமாக இருக்கும். அம்மா பக்கத்தில் இருக்கிறாள் அல்லவா? வெட்கமாகத்தான் இருக்கும்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்றாள் வத்சலா. வந்துவிட்டது. இதற்குத்தான் காத்திருந்தேன். அதே சமயத்தில் பக்கத்து மேசையில் கேக்கை வெட்டினார்கள், கடையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள், இவரும் கூடச் சேர்ந்து கைதட்டினார், நான் மறுபடி மிதித்தேன். வத்சலாவின் வாய் அசைவது தெரிந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் என்றாள், கிளினிக் என்றாள், ஏசி என்றாள், நாய் பூனை என்றாள். சிரித்த முகமாக, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எவ்வளவு நயமாக. "காதுல விழுகலைங்க" என்றேன். உண்மையிலேயே விழவில்லை. பாட்டு முடிகிற வழியாக இல்லை, அவள் மேசை மேல் குனிந்து, இந்தத் தடவை நயத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கத்தினாள். "அந்த மாட்டு வேலைய விட்டுடட்டுமுங்க்கா! நாய் பூனைக்குப் பாக்கட்டும், நாங்களே கிளினிக் வெச்சுத் தர்றோம். மாட்டுக்குள்ள விடற கையில நாங்க எப்படீங்க வாங்கிச் சாப்பிடறது? நீங்களே சொல்லுங்க." பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாரணியின் கை மடியில் இருந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன், அந்த வெளிர் ரோஸை. இவளுக்கு என்ன தைரியம்! எங்கள் முகத்துக்கு நேராக. என் மகள் பக்கத்திலேயே இருக்கும்போது. ஒரு மாட்டின் பக்கத்தில் போய் நிற்க நெஞ்சுரம் இல்லாதவளெல்லாம் கையைப் பற்றிப் பேசுகிறாள். எங்கள் ஊரில் பால் ஊற்றிப் பிழைக்கிற வீட்டுக்காரர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் வந்து கதவைத் தட்டுவார்கள், அம்மணி அம்மணி என்று. தாரணி எழுந்து போவாள். திரும்பி வந்து மறுநாள் முழுக்கத் தோளைத் தூக்க முடியாமல் கிடப்பாள். அந்தக் கையில் வாங்கிச் சாப்பிட முடியுமா என்று இவள் கேட்கிறாள். நானும்தான் டெட்டால் விடச் சொன்னேன். அது வேறு. அது வேறுதானே? குளித்துவிட்டு வந்தாலும் நீ உட்காரு நானே போட்டுக்கொள்கிறேன் என்று அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிவிடுவேன், களைத்து வந்திருக்கிறாளே என்றுதான் வாங்கினேன், களைப்புக்காகத்தான். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? இவளுக்குப் பதில் சொல்ல விடாமல் என் நெஞ்சு என்னையே கேட்கிறது. கேட்கட்டும், அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். "ஏனுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இந்த மேசை மேல வெண்ணெய் இருக்குது, சீஸ் இருக்குது, சூப்புல பாலாடை விட்டிருக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. ஆடும் மாடும் கன்னு குட்டி போடாம இதெல்லாம் எங்கிருந்துங்க வந்துது? சிக்கிக்கிட்ட கன்னை யாரோ ஒருத்தர் கை விட்டுத்தானே எடுத்திருப்பாங்க?" வத்சலா சிரித்தாள். "அது சரிங்க்கா, அதுக்குன்னு நம்ம வீட்டுப் பொண்ணேவா?" என்றாள். நம்ம வீட்டுப் பொண்ணாம்.

தாரணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். என்னிடம் இல்லை, வத்சலாவிடமும் இல்லை. "நீங்க சொல்லுங்க நிரஞ்சன்." பாட்டு ஓய்ந்து கேக்கைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அம்மாவைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான், தாரணியை மட்டும் பார்க்கவில்லை. சொல்லுடா, டார்ச் பிடித்தேன் என்று சொல்லு, கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்லு, உன் அம்மாவிடம் அதை நீ சொல்லவே இல்லையா, சட்டையை யார் துவைத்தார்கள் உன் வீட்டில்? "அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குங்க அத்தை" என்றான். கேட்டது அவள், பதில் எனக்கு. "டாக்டர்னா டாக்டர்தானே. எந்த அனிமலா இருந்தா என்ன?" அவ்வளவுதான். தாரணி "சரிங்க" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். இனி இந்த மாடு பிழைக்காது என்று தெரிந்த பிறகு தோட்டக்காரரிடம் போனில் பேசுகிற குரல். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். "அம்மா, எனக்குப் பசிக்குது. மொதல்ல நீ சொல்லிடு. அப்புறம் சாப்பிடலாம்." நான் சொல்ல வேண்டும். வழக்கப்படி பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். வத்சலா என் முகத்தையே பார்க்கிறாள், அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும், பெண்ணைப் பெற்றவளின் பயம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஒரு வாய் ரொட்டி. நான் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை, ஒரு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும், நாத்தனார் வாயை மூடிவிடுவாள், மண்டபம் பார்க்கலாம். நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டால் தோள் வலிக்காது. ராத்திரியில் கதவைத் தட்டமாட்டார்கள். நல்ல வீடு. இந்தப் பையனும் கெட்டவன் இல்லை, பயந்தவன், பயந்தவனோடு குடும்பம் நடத்தலாம், நான் நடத்தவில்லையா? அப்படி நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, வத்சலா மேலா, இந்த இருட்டுக் கடை மேலா, மிட்டாயை மென்றுகொண்டிருக்கிற இவர் மேலா, என் மேலேயேவா. என் மகள் தலை துவட்டிக்கொண்டு சிரித்தாளே. தோள்வரை கையை விட்டு உயிரை வெளியே எடுத்துவிட்டு வந்து சிரித்தாளே. அதை இவன் ஒளித்து வைத்துவிட்டான், களவு பண்ணின பொருளை ஒளிக்கிற மாதிரி. "எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க" என்றேன். கத்தத்தான் வேண்டியிருந்தது. கத்துவதற்கு நல்ல இடம்தான் இது. "என்ர பொண்ணு மாட்டு டாக்டரு. நாளைக்கும் மாட்டுக்குள்ள கை விடுவா. இத்தோட பேச்சை முடிச்சுக்கலாமுங்க."

வத்சலா முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இவர் முந்திக்கொண்டார். இத்தனை நேரம் தலையாட்டிக்கொண்டிருந்த மனுசன், கையைக் கூப்பி, "போயிட்டு வாங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார், அவர்கள் கூப்பிட்ட இடத்தில் அவர்களையே வழியனுப்பி வைக்கிறார். வத்சலா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு பருக்கை வாயில் வைக்காமல் வந்தபடியே போனாள், அதிலாவது அவள் எங்கள் பக்கத்துக்காரிதான். நிரஞ்சன் நின்றான். அப்போதுதான் தாரணியைப் பார்த்தான். அவள் மடியிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தாள். "அன்னிக்கு டார்ச் நல்லாத்தான் புடிச்சீங்க" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மேசை நிறையச் சாப்பாடு. இனி இது வெறும் சாப்பாடு. யாருக்கும் சம்மதம் இல்லை, யாருக்கும் உறவில்லை, பசித்தால் சாப்பிட வேண்டியதுதான். இவர் முள்ளையும் கத்தியையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு ரொட்டியைக் கையால் பிய்த்தார். தாரணியும் ஒரு துண்டு பிய்த்தாள், வெண்ணெயைத் தடவினாள், ஆறிப்போன பரங்கிக்காய் சூப்பில் தோய்த்தாள். மஞ்சளாக விரலெல்லாம் வழிந்தது, நான் பூசிய ரோஸ் மேலெல்லாம். வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள், கையை என் பக்கம் நீட்டினாள். கரண்டி இருக்கிறது, தட்டு இருக்கிறது, நானே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். அவள் கை என் பக்கம் நீண்டபடியே இருந்தது. மறுத்தால் களைப்புக்காகத்தான் என்று இப்போது சொல்ல முடியாது. நான் குனிந்து அந்தக் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டேன், விரலில் ஒட்டியிருந்ததையும் சேர்த்து. அவள் அப்போதுதான் அழுதாள். பரிமாறிய பெண் ஓடி வந்தாள், நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்துவிட்டது, தாரணியைக் கவனித்துவிட்டு உடனே சுருங்கியது. "எப்படிங்க மேடம் இருக்குது?" என்று பயந்துகொண்டே கேட்டாள். "உப்புப் பத்தல" என்றேன். "இன்னொண்ணு சூடாக் கொண்டாம்மா. பொண்ணு பசியா இருக்கறா."